ராஜாளியின் காலில் குரங்கு

விவசாயச் சங்கத் தலைவர் யஹ்யா ஹாஜியார் கேட்டது ஒரு படம். ராஜாளியின் காலில் குரங்கு இருக்க வேண்டும். இரண்டும் ஒரே படத்தில், சந்தேகமில்லாமல் தெரிய வேண்டும். அதை வியாழக்கிழமைக் கூட்டத்தில் காட்டினால், என் தோட்டத்து மரத்தில் இருக்கும் ராஜாளிக் குஞ்சு பறந்து போகும்வரை ஊரில் குரங்குக்கு நஞ்சு மருந்து வைப்பதைத் தள்ளிப்போடலாம் என்றார். காட்டாவிட்டால் வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்த கையோடு எல்லாத் தோட்டங்களிலும் மருந்துப் பழம் வைக்கப்படும்.

"படம் புடிக்கிறவன்தானே நீ. எந்நேரமும் அந்த கமெராவக் கழுத்துல போட்டுக்கிட்டுத் திரியிற. ஒரு கொரங்கு கூடவா அம்புடல்ல?" என்றார்.

விவசாயச் சங்கத்துக்குச் சொந்தக் கட்டடம் இல்லை. நர்சரிப் பள்ளியில்தான் கூட்டம். பிள்ளைகளின் சின்னக் கதிரைகளில் முழங்கால் நெஞ்சைத் தொட உட்கார்ந்திருந்த ஆண்கள் எல்லாரும் சிரித்தார்கள்.

"ஹாஜியார், அந்தப் பறவைக்கும் சங்கத்துல ஒரு மெம்பர் கார்ட் குடுத்திருவோம்," என்று பின்னாலிருந்து யாரோ சொன்னார்கள்.

நான் சொன்னதையே திரும்பச் சொன்னேன். ராஜாளி குரங்குக் குட்டியைத் தூக்கும். என் தோட்டத்துக்குள் குரங்கு வராததற்குக் காரணம் அதுதான். மருந்து தின்ற குரங்கு தள்ளாடி விழும்போது ராஜாளி அதைத்தான் முதலில் பிடிக்கும். பிடித்ததைக் கூட்டுக்குக் கொண்டு போகும். குரங்கோடு அதுவும் சாகும்.

விஜிதா மட்டும் சிரிக்கவில்லை. அவள் இரத்தோட்டைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து கல்யாணம் கட்டி வந்தவள். ஊரின் மேல் எல்லையில் ஒரு துண்டு நிலம். புருசன் தம்புள்ளையில் லொறிக்கு மூட்டை ஏற்றுகிறான். ஊர்ப் பழக்கத்தில் என்னை அண்ணன் முறையில் நானா என்பாள்.

"நானா, ஒங்க பறவ ஒரு குஞ்சு வளக்குது. நான் ரெண்டு வளக்குறேன். மரவள்ளி நட்டேன், புடுங்கிப் போட்டிருச்சுங்க. வட்டக்கா போட்டேன், பிஞ்சுலயே கடிச்சுப் போட்டிருச்சுங்க. நேத்து கூரையப் பிரிச்சி உள்ள எறங்கி சோத்துச் சட்டிய எடுத்துக்கிட்டுப் போயிருச்சு. நான் யாருகிட்ட போட்டோ காட்டுறது?"

நான் கழுத்திலிருந்த கமெராவைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டேன்.

வனவிலங்கு அலுவலகத்துக்கு ஒரு போன் கோல் எடுத்தால் போதும் என்று ஷஸ்னா சொன்னாள். ஷஸ்னா என் மனைவி. போதும்தான். மருந்து வைப்பது சட்டத்துக்கு விரோதம். ஆனால் அவர்கள் வந்து விசாரித்துவிட்டுப் போன பிறகு இந்த ஊரில் எங்களுக்கு ஸலாம் சொல்ல ஆள் இருக்காது. அவள் பாடசாலைச் சீருடை தைத்துத்தான் அடுப்பு எரிகிறது. தைக்கக் கொடுப்பவர்கள் இதே சனங்கள்.

நான் யட்டவத்தைக்கு வெளியே ஒரு தையல் தொழிற்சாலையில் இரவு வேலை பார்த்தேன். பிறகு விட்டுவிட்டேன். விட்டதற்குப் பெரிய காரணம் எதுவும் இல்லை. ஒரு நாள் வேனில் ஏறவில்லை, அவ்வளவுதான். தூக்கம் மட்டும் பழைய நேரத்துக்குத் திரும்பவில்லை. விடியும்போது கிணற்றடியில் போய் உட்காருவேன். அங்கே ஒரு நாள் கமுக மரத்தில் அந்தப் பெட்டை ராஜாளி இருந்தது. தலையில் குடுமி. மஞ்சள் கண். நான் இருப்பது அதற்குத் தெரியும். தெரிந்தும் போகவில்லை. மச்சான் ரிஸ்வி கட்டாரிலிருந்து கொண்டுவந்து போட்டுவைத்திருந்த கமெராவை அன்றைக்கே போய்க் கேட்டு வாங்கினேன்.

ஆண் சின்னது. பெட்டைதான் பெரியது. தோட்டத்தின் கீழ்க்கரையில் நிற்கும் அல்பீசியா மரத்தின் உச்சிக் கவட்டில் இரண்டும் சுள்ளி அடுக்கிக் கூடு கட்டின. ஒரு முட்டைதான் இட்டிருக்க வேண்டும். ஒரு குஞ்சுதான் தலை நீட்டியது. மரஅணில், காட்டுக்கோழி, ஓணான், ஒரு தரம் பக்கத்துத் தோட்டத்து ஹுசைன் நானாவின் வெள்ளைக் கோழி என்று கூட்டுக்கு வந்ததையெல்லாம் படம் பிடித்து வைத்திருந்தேன். குரங்கு மட்டும் இல்லை. குரங்குகள் ராஜாளிக்குப் பயந்து இந்தப் பக்கம் வருவதில்லை. ராஜாளி மலைக்கு அப்பால் போய் வேட்டையாடியது. என் பேச்சு உண்மை என்பதால்தான் என்னிடம் படம் இல்லை. இதை நர்சரியில் போய் விளக்க முடியாது.

ஆகவே குரங்கைத் தோட்டத்துக்குள் கொண்டுவருவது என்று முடிவு செய்தேன்.

சந்தையில் கனிந்து கறுத்துப்போன கோழிக்கூட்டு வாழைச்சீப்புகள் மலிவாகக் கிடைத்தன. ஷஸ்னா பையைத் திறந்து பார்த்தாள்.

"இது யாருக்கு?"

"கொரங்குக்கு."

"ஊரே கொரங்க வெரட்டுது. நீங்க விருந்து வைக்கிறீங்க."

"ஒரு படம் கெடச்சா நிப்பாட்டிருவேன்."

"நீங்க நிப்பாட்டுற வேலையில கெட்டிக்காரர்தான்," என்றுவிட்டு மெஷினில் போய் உட்கார்ந்தாள்.

சாதிக்காய் மரத்துக்கும் கிணற்றுக்கும் நடுவில் வெட்டையாகக் கிடந்த இடத்தில் பழங்களை வைத்தேன். உரச்சாக்குகளைச் சேர்த்துத் தைத்த மறைப்புக்குப் பின்னால் கமெராவோடு உட்கார்ந்தேன். முதல் நாள் ஒன்றும் வரவில்லை. குரங்குகள் ஹுசைன் நானாவின் தகரக் கூரையில் வரிசையாக இருந்து பழத்தைப் பார்த்தன, அல்பீசியாவைப் பார்த்தன, பேன் எடுத்தன. அடுத்த நாள் ஒரு கிழட்டுக் கடுவன் வந்து ஒன்றை எடுத்துக்கொண்டு ஓடியது. அதற்கடுத்த நாள் தாய்க்குரங்குகள் குட்டிகளோடு வேலிவரை வந்தன. பெட்டை ராஜாளி கூட்டின் ஓரத்தில் நின்று கழுத்தைத் திருப்பிக் கீழே பார்த்துக்கொண்டிருந்தது.

புதன்கிழமை பின்னேரம் புதுப்பழம் வைத்துக்கொண்டிருந்தபோது ஹுசைன் நானா வேலிக்கு அந்தப் பக்கம் நின்றார். பழத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். சிரித்துக்கொண்டு தலையை ஆட்டிவிட்டுப் போனார். கேலி செய்கிறார் என்று நினைத்தேன். ஊரில் எல்லாரும் செய்வதுதான்.

வியாழக்கிழமை காலை நான் மறைப்புக்குள் போகும்போதே குரங்குகள் இறங்கியிருந்தன. ஒன்றிரண்டு அல்ல, ஒரு கூட்டமே. பழங்களைக் கன்னத்தில் அடைத்துக்கொண்டு ஒன்றையொன்று அறைந்துகொண்டிருந்தன. நான் போனபோது கலையவும் இல்லை. கமெராவை வைத்து முடிப்பதற்குள் ஒரு குட்டி, பாதி வளர்ந்தது, கூட்டத்திலிருந்து விலகி வெட்டைக்கு வந்தது. குடித்து வெறித்தவன் மாதிரி நடந்தது. உட்கார்ந்தது, எழுந்தது. கூட்டம் கத்திக்கொண்டு சிதறியது. நான் மேலே பார்க்கவில்லை, பார்க்க நேரமும் இல்லை. பெட்டை அதன் மேல் பாய்ந்த சத்தம் ஈரத்துணியைக் கல்லில் அறைந்தது போல இருந்தது.

அது குட்டியோடு கிணற்றடி மாமரத்தின் தாழ்ந்த கிளைக்கு எழும்பியது. வெளிச்சம் அதன் நெஞ்சில் விழுந்தது. குடுமி விறைத்திருந்தது. நான் விரலை எடுக்காமல் அழுத்திக்கொண்டே இருந்தேன். பிறகு அது சிறகடித்து அல்பீசியாவுக்குப் போனது.

அல்ஹம்துலில்லாஹ் என்று வாய்விட்டுச் சொன்னேன். படத்தைத் திரையில் போட்டுப் பெரிதாக்கினேன். இப்படி ஒரு படம் நான் எடுத்ததில்லை. மஞ்சள் கண்ணில் வானம் தெரிந்தது. ஒவ்வொரு நகமும் தெரிந்தது. குட்டியின் முகத்துக்கு நகர்த்தினேன். அதன் வாயிலிருந்து முகவாய்வரை வெள்ளை நுரை வழிந்திருந்தது.

மறைப்பை விட்டு வெளியே வந்தேன். சாதிக்காய் மரத்தடியில் ஒரு தாய்க்குரங்கு கால்களை உதைத்துக்கொண்டு கிடந்தது. கிணற்றுக் கட்டுக்கு அந்தப் பக்கம் இன்னொன்று. வேலியோரம் அந்தக் கிழட்டுக் கடுவன்.

ஹுசைன் நானா வேலியைத் தாண்டி வந்தார். கையில் மண்வெட்டி, முகம் நிறையச் சந்தோசம்.

"பாத்தியா தம்பி? ஒரே காலையில!"

"நானா, என்ன செஞ்சீங்க?"

"என்ன செஞ்ச? நீ பழக்கி வச்சீந்த. நான் சுபஹு தொழப் போற வழியில மருந்துப் பழத்த வச்சிட்டுப் போனேன். ஒனக்கு மருந்து கெடச்சீக்காதுன்னு எனக்குத் தெரியும். யாரு ஒனக்குத் தாற?"

"நான் எங்க பழக்கினேன்?"

"மூணு நாளா சும்மா பழம் வைக்கிற. கொரங்கு லேசுல ஏமாறாது. முதல்ல வெறும் பழம் வச்சி, பயம் தெளிஞ்ச பொறகுதான் மருந்து வைக்கணும். ஊருல சின்னப் புள்ளைக்கும் தெரிஞ்ச வேல. ஹாஜியார் பேச்சக் கேட்டு ஒனக்கும் புத்தி வந்திரிச்சின்னு நான் எவ்வளவு சந்தோசப்பட்டேன் தெரியுமா?" அவர் என் முகத்தைப் பார்த்து நிறுத்தினார். "என்ன தம்பி? நீ அதுக்கு வைக்கல்லயா?"

ஊரில் குரங்குக்குப் பழம் வைப்பவன் வேறு எதற்கு வைப்பான்? படம் பிடிக்க வைப்பான் என்று யார் நினைப்பார்கள்?

"அது ஒண்ணத் தூக்கிக்கிட்டுப் போயிருச்சு நானா. கூட்டுக்கு."

ஹுசைன் நானா அண்ணாந்து பார்த்தார். பெட்டை கூட்டின் விளிம்பில் நின்று இரையைக் கிழித்துக்கொண்டிருந்தது. முதல் துண்டுகளை அது தானே விழுங்கும். குஞ்சுக்குப் பிறகுதான். இத்தனை நாள் பார்த்ததில் அது எனக்குத் தெரியும்.

"வெடி இருக்கா?" என்று கேட்டேன்.

குரங்கு விரட்ட வைத்திருந்த வெடிகளை ஓடிப் போய் எடுத்துவந்தார். சத்தத்துக்குப் பயந்து சோடி கூட்டையே கைவிட்டுப் போனாலும் போகும். அதையும் நினைத்தேன். நினைத்துக்கொண்டே பற்றவைத்து அல்பீசியாவின் அடியில் எறிந்தேன். காகங்கள் எல்லாம் கிளம்பின. பெட்டை அசையவில்லை. இரண்டாவதை ஹுசைன் நானா கையிலேயே வைத்திருந்து மேலே எறிந்தார். அது கிளைகளுக்கு நடுவில் வெடித்தது. பெட்டை குட்டியைக் காலில் பிடித்தபடியே எழும்பியது. மிளகுக்கொடிகளுக்கு மேலாக வந்து, கொஞ்சம் தடுமாறி, அதைக் கீழே விட்டது. ஹுசைன் நானா ஓடிப் போய் அதன் மேல் சாக்கைப் போட்டு மூடினார்.

நான் கமெராவைக் கூட்டின் பக்கம் திருப்பினேன். குஞ்சு படுத்திருந்தது. தலை நிமிரும்வரை காத்திருந்து எடுத்தேன். திரையில் பெரிதாக்கினேன். அலகில் இரத்தம் இல்லை. தொண்டைக்குக் கீழே இரைப்பை வீங்கியிருக்கவில்லை. இன்னொன்று எடுத்தேன். இன்னொன்று. எல்லாவற்றிலும் அதுதான். அது தின்னவில்லை. தின்னவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

பெட்டை தின்றிருந்தது. மத்தியான லுஹர் பாங்குக்கு முன்னால் கமுக மரத்திலிருந்து கிளிசரியா வேலிக்கு இறங்கியது. இறக்கைகளை மடிக்க முடியாமல் தொங்கவிட்டபடி இருந்தது. நான் கிட்டப் போனேன். இவ்வளவு கிட்டத்தில் அதை நான் பார்த்ததில்லை. படம் எடுக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் மிளகுக்கொடிகளுக்குள் முகம் குப்புற விழுந்தது.

நாய் தோண்டாத ஆழத்துக்கு ஹுசைன் நானா குழி வெட்டினார். மீதிப் பழங்களையும் பொறுக்கி அதில் போட்டோம். குரங்குகளை அடியில் போட்டு, பெட்டையை மேலே வைத்தார். மண்ணைத் தள்ளும்போது, "நான் ஒனக்கு ஒதவின்னு நெனச்சித்தான் செஞ்ச," என்றார்.

"தெரியும் நானா."

"நீ ஒரு வார்த்த சொல்லீக்கலாம்."

"நீங்களும் கேட்டீக்கலாம்."

அவர் மண்வெட்டியால் மேட்டைத் தட்டி இறுக்கினார்.

வீட்டுக்குள் போனதும் ஷஸ்னா படத்தை வாங்கிப் பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள்.

"இதையா காட்டப் போறீங்க?"

"வேற என்ன ஈக்கி?"

"இது பொய் சாட்சி."

"ராஜாளிதான். கொரங்குதான். காலுலதான் ஈக்கி. ஹாஜியார் கேட்டது அதுதானே?"

அவள் என்னைத் தடுக்கவில்லை. கார்டைப் போனில் போட்டுப் படத்தை மாற்றித் தந்தாள். எனக்கு அது சரியாக வராது.

அஸர் தொழுகைக்குப் பிறகு கூட்டம். நான் நேரே போய் யஹ்யா ஹாஜியாரின் கையில் போனைக் கொடுத்தேன். அவர் கண்ணாடியை நெற்றிக்குத் தூக்கிவிட்டுப் பார்த்தார்.

"சுப்ஹானல்லாஹ்," என்றார். உண்மையாகவே சொன்னார். போன் கைமாறிப் போனது. யாரும் பகிடி விடவில்லை. "இது நம்மட ஊரா? கிணத்தடி மாமரம்தானே?" என்று ஒருவர் கேட்டார். "மெய்தான் போல. இவன் சும்மா கதைக்கல்ல," என்றார் இன்னொருவர். ஹாஜியார் தாடியைத் தடவினார்.

"அப்ப ஒரு மாசம் பாப்போம். குஞ்சு பறக்கட்டும்."

நான் மூச்சு விட்டேன். அந்த நேரம் போன் விஜிதாவின் கையில் இருந்தது. இரண்டு விரலால் படத்தை விரித்தாள்.

"நானா, இது வாயில என்னா? நொர மாதிரி இருக்கே?"

பொய் சொல்ல வேண்டிய இடம் அது. வாய் வரவில்லை. ஹுசைன் நானா பின்வரிசையில் அந்தச் சின்னக் கதிரையிலிருந்து எழுந்தார். அவர் என்னைப் பார்க்கவில்லை.

"அது என்ட மருந்து. இவன் படத்துக்குப் பழம் வச்சான். அது தெரியாம நான் மருந்து வச்சிட்டேன். பறவையும் மௌத்து. நான்தான் அடக்கின."

விஜிதா போனை ஹாஜியாரிடம் நீட்டினாள்.

"எத்தன கொரங்கு நானா?" என்று ஒருவர் கேட்டார்.

"மூணு நாலு."

"ஒரே காலையிலயா? அப்ப நல்ல சாமான்தான். நான் பயந்துக்கிட்டு இருந்தேன், பழைய மருந்தோன்னு."

சிரிப்பு வந்தது. கெட்ட சிரிப்பு என்று சொல்ல மாட்டேன். இரண்டு வருசமாக ஒரு தேங்காய் முழுதாகப் பறிக்காதவர்களின் சிரிப்பு. ஹாஜியார் போனை என்னிடம் திருப்பிக் கொடுத்தார்.

"அப்ப பறவதான் போயிட்டுதே மர்சூக். இனி என்னத்துக்குத் தள்ளிப்போடணும்?"

"குஞ்சு ஈக்கி. ஆண் ஈக்கி. ஆண் கொண்டுவந்து குடுக்கும்."

"குடுக்குமா?"

"தெரியாது."

தெரியாது என்ற பிறகு கதை முடிந்துவிட்டது. ஆட்கள் எழும்பத் தொடங்கினார்கள். கதிரைகள் இழுபட்டன. அப்போது நான் யோசிக்காமல் சொன்னேன், "நான் வெரட்டுறேன்."

"என்னத்த?"

"கொரங்க. எல்லாத் தோட்டத்திலயும். விடிஞ்சதிலிருந்து இருட்டும்வரைக்கும். குஞ்சு பறக்கும்வரைக்கும் மருந்து வேணாம்."

"நீயா?" பின்னால் இருந்தவன் விழுந்து விழுந்து சிரித்தான். "ஃபெக்டரியில குந்திக்கிட்டு செய்ற வேலையிலயே நீ நிக்கல்ல மச்சான். மரத்துக்கு மரம் ஓடுவியா?"

"ஓடுவேன்."

ஹாஜியார் விஜிதாவைப் பார்த்தார். அவளுடைய நிலம்தான் மேலே. குரங்கு முதலில் இறங்குவது அங்கேதான். அவள் என்னை மேலிருந்து கீழே பார்த்தாள், சந்தையில் காய்கறி பார்ப்பது போல.

"ஒரு வட்டக்கா போனாலும் அன்னிக்கே நான் மருந்து வச்சிருவேன். பெறகு என்னைய ஏசக் கூடாது."

"ஏச மாட்டேன்."

"சாப்பாடெல்லாம் நான் தர மாட்டேன்."

"வேணாம்."

இப்படித்தான் எனக்கு மறுபடி வேலை கிடைத்தது.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரத்துக்கு மட்டும் ஹுசைன் நானாவின் மருமகள் தகரம் தட்டினாள். மற்ற நேரமெல்லாம் நான்தான். விடியும்போது விஜிதாவின் நிலத்தில் தொடங்கி, குரங்குகளை மலைத் தேயிலைத் தோட்டத்துக்கு மேலே ஏற்றிவிட்டுக் கீழே இறங்குவேன். அவை மேலேயுள்ள பாறையைச் சுற்றிக்கொண்டு ஹாஜியாரின் ரம்புட்டானுக்கு வந்திருக்கும். அங்கே வெடி போட்டால் திரும்ப மேலே. நான் ஒருவன்தான் என்பது அவற்றுக்கு முதல் நாளே விளங்கிவிட்டது. வீட்டுக்கு வரும்போது இருட்டியிருக்கும். கூடு தெரியாது. ஷஸ்னா பகலில் கிணற்றடிக்குப் போய்ப் பார்க்கிறாள். ஆண் ஒரு தரம் எதையோ கொண்டுவந்து போட்டதாம். குஞ்சு அதன் மேல் ஏறி நின்றதாம். கிழித்ததா என்று கேட்டேன். "எனக்கு எப்புடித் தெரியும்? அது எனக்கு முதுகைக் காட்டிக்கிட்டு இருந்திச்சி," என்றாள். தாய் கிழித்து ஊட்டித்தான் அதற்குப் பழக்கம்.

கமெராவில் படம் எடுக்க அவளுக்குச் சொல்லிக் கொடுத்தேன். அவள் எடுத்த படங்களில் வானமும் இலையும்தான் இருந்தன.

இன்றைக்கு மத்தியானம் நான் விஜிதாவின் மேல் பாத்தியில் நின்றுகொண்டிருந்தேன். குரங்குகள் பாறையில் வரிசையாக இருந்து, நான் எப்போது போவேன் என்று பார்த்துக்கொண்டிருந்தன. வட்டக்காய்கள் இலைக்கடியில் கையளவுக்கு வந்திருந்தன. அப்போது கீழே, என் தோட்டத்துப் பக்கம், குஞ்சின் சத்தம் கேட்டது. பசிக்குக் கத்துவது. இவ்வளவு தூரத்துக்குக் கேட்குமென்று நான் நினைத்திருக்கவில்லை. நிறுத்தி நிறுத்திக் கத்தியது. நான் வானத்தில் ஆணைத் தேடினேன். நேற்று ஷஸ்னா அதைக் காணவில்லை என்றிருந்தாள். முன்தினமும் காணவில்லையாம்.

கீழே ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வர எனக்கு அதிக நேரம் ஆகாது. குரங்குகளுக்கும் ஆகாது.

மறுபடி கத்தியது. இந்தத் தடவை குரல் கொஞ்சம் குறைவாக இருந்தது போலப் பட்டது. காற்று மாறியதாகவும் இருக்கலாம். நான் பாத்தியின் ஓரத்துக்கு வந்து, ஒரு காலைக் கீழ்ப்பாத்தியின் வரம்பில் வைத்தேன்.

"நானா!" விஜிதா குசினிக் கதவில் நின்று கத்தினாள். "அங்க என்னா பார்வ? மேல பாருங்க, எறங்குது!"

நான் காலை எடுத்து மேலே ஓடினேன்.